கியர் இறக்காதவர்

மனிதர்களில் ஒரு வகை இருக்கிறது. நாலாவது கியருக்கு ஏறும் வரை அவர்களைப் போல உற்சாகமானவர்கள் கிடையாது. அங்கிருந்து கொஞ்சம் இறங்குங்கள் என்றால் மட்டும், சொத்தை எழுதித் தரக் கேட்டதுபோல் முகம் மாறிவிடும். இந்த வகைக்கு நான் ‘கியர் இறக்காதவர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். மாமனார், மேலாளர், மச்சினன், இப்படி.

மும்பையில் இவர்களைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம், காது போதும். உங்கள் தெருவில் வேகத்தடையின் மேல் ஒரு கார் தொண்டையைக் கனைத்து, உடம்பெல்லாம் குலுங்கி, இருப்பதா போவதா என்று யோசித்துக்கொண்டே ஏறுகிறதா? உள்ளே அவர் இருக்கிறார். தூரத்தில் சிக்னல் சிவப்பாவதை நீங்களும் நானும் பார்க்கிறோம், அவரும்தான் பார்க்கிறார், ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டார், ஏன் எடுக்க வேண்டும், தான் போய்ச் சேர்வதற்குள் பச்சையாகிவிடாதா என்பது அவர் எண்ணம், ஆகாது, கடைசி நொடியில் பிரேக்கை ஓங்கி மிதிப்பார், பின்சீட்டுக்காரர்கள் முன்சீட்டுக்கு வந்து குசலம் விசாரித்துவிட்டுத் திரும்புவார்கள், பச்சை விழுந்ததும் அதே நாலாவது கியரில் கிளம்பப் பார்ப்பார், வண்டி அணைந்துவிடும், பின்னால் பாதி மும்பை ஹாரன் அடிக்கும். அவரோ நிதானமாக, பெட்ரோலில் கலப்படம் என்பார்.

கியரைக் குறைத்தால் என்ன? குறைப்பதா? கட்டின வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போவதா?

பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. அதனால் எங்கள் எதிர்வீட்டுக் கணேசபாண்டியனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கணேசபாண்டியன் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல்பை தைக்கும் பட்டறை போட்டார். மகன் அதைப் பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை என்று பெருக்கி, செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடும் வாங்கினார். கெட்டிக்காரர், நல்லவர், யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் வந்து நிற்பவர். வந்து நின்ற பிறகு டாக்டருக்கே வைத்தியம் சொல்பவர்.

பேச்சு அவருக்கு எப்போதும் மேலே மேலேதான் போகும். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி எங்கள் கட்டடத்துச் சொசைட்டி மீட்டிங்கில் ஆரம்பித்தால், செயலாளரின் நேர்மை, செயலாளரின் மைத்துனரின் நேர்மை என்று ஏறிக்கொண்டே இருப்பார். அப்போது மகளிர் பக்கத்திலிருந்து மெல்லிய இருமல் ஒன்று கேட்கும். அது அவர் மனைவி செண்பகவல்லி. இருமல் கேட்டதும் கணேசபாண்டியன் நிறுத்திவிடுவார். நிறுத்தியதோடு, எங்கே நிறுத்துவது என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார். மறுநாள் காலை செயலாளர் வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு போகும். அது அவருக்குத் தெரியாது.

ஐம்பது தாண்டிய பிறகு அவருக்குக் கார் ஆசை வந்தது. கியரே போட வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கலாமே என்றேன்.

“அது கைப்புள்ளைக்கு, அண்ணாச்சி. கியர் போட்டு ஓட்டுனாத்தான் அது வண்டி” என்றார்.

தாராவியில் பழக்கமான நாகூர் மீரான் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தார். இந்த ஸ்கூல் வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். கணேசபாண்டியன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு பட்டறைக் கதை சொல்லிக்கொண்டு போவார். சிக்னல் வரும். கதை நிற்காது. பக்கத்தில் மீரானின் கால்கள் வேலை செய்யும், மீரானின் வலக்கை கியரை இறக்கும், வண்டி வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு நிற்கும். எப்படி நிறுத்தினேன் பார்த்தீரா என்று கேட்பார் கணேசபாண்டியன். மாஷா அல்லாஹ் என்பார் மீரான்.

மீரானையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது. வண்டி சொந்த வண்டி. வாசலில் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

ஆக, ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தாமலே கணேசபாண்டியன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்சும் வந்துவிட்டது. சொந்தக் காரில் முதல் நாள் வெளியே போய்த் திரும்பியபோது எங்கள் கேட் அருகே இருந்த பூத்தொட்டிகளில் ஒன்று உடைந்தது. இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டவர்போல் என்னிடம் சொன்னார்.

“ஸ்கூல் வண்டி நல்ல வண்டி, அண்ணாச்சி. சிவப்பு லைட்டப் பாத்தா அதுவா நிக்கும். இது இன்னும் பழகணும்.”

அதிலிருந்து கார் பழகுவதற்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

இதற்கிடையே வீட்டில் வேறொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் மாரிசெல்வி வங்கியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஷ்ரவண் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் அய்யங்கார் குடும்பம். பையனின் அப்பா வானமாமலை ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணேசபாண்டியன் முதலில் குதித்தார், பிறகு சாப்பிடாமல் இருந்தார், பிறகு சாப்பிட்டுவிட்டுக் குதித்தார். செண்பகவல்லி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள், அந்தப் பையன் நல்ல பையன் என்று தானே கண்டுபிடித்ததாகக் கணேசபாண்டியன் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போய்ப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதென்று, நாலாவது ஆளாக என்னைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அதனால்தான் இதையெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது.

கணேசபாண்டியன் ஓட்டினார். பக்கத்தில் செண்பகவல்லி, பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு. அவர் வலது கால் மட்டும் கீழே கிடந்த ரப்பர் விரிப்பை அவ்வப்போது அமுக்கிக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை. அது காலுக்குத் தெரியவில்லை.

சயான் பாலத்தில் ஏறும்போதே வண்டி முனகியது. ‘இழுத்துரும்’ என்றார் கணேசபாண்டியன். அந்த இனத்துக்கு மந்திரம் அது. இழுத்தும்விட்டது. உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்ததும் வேகம் பிடித்தது. கீழே வண்டிகள் வரிசையாக நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

“ஏங்க, கொஞ்சம் மெதுவா. கியரக் கொறைங்க” என்றார் செண்பகவல்லி.

“இழுத்துரும்.”

“இழுக்கதுக்கு இல்லீங்க. நிக்கதுக்கு.”

கணேசபாண்டியன் பிரேக்கை மிதித்தார். வண்டி உடனே நிற்கிற மனநிலையில் இல்லை. மாரிசெல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டயர்கள் கத்த, முன்னால் நின்ற தண்ணீர் லாரியின் முதுகில் எழுதியிருந்ததைக் கண்ணாடி இல்லாமல் நான் படிக்கும் அளவுக்குப் போய், கார் ஒரு உதறல் உதறி அணைந்தது. பழங்கள் உருண்டு காலடியில் கிடந்தன.

பயந்துபோன மனிதர் யாரையாவது திட்ட வேண்டுமில்லையா? மனைவியைத் திட்டினார்.

“நீ பக்கத்துல ஒக்காந்து தரைய மிதிச்சிக்கிட்டே கெடந்தா நான் எப்படி ஓட்டுவேன்? ஒண்ணும் சொல்லாத. கால அசைக்காத. இன்னைக்குப் பூராச் சும்மா இரி, போதும்.”

“சரி” என்றார் செண்பகவல்லி. கோபமே இல்லாத சரி. குனிந்து பழங்களைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டார். மாட்டுங்கா வரை அவை அசையவில்லை.

வானமாமலை வீட்டில் நல்ல வரவேற்பு. அவர் மனைவி பானுமதி காபி கொண்டுவந்தார். ஷ்ரவண் புது வேட்டியில் நடக்கப் பயந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். வானமாமலை மெதுவாகப் பேசுகிறவர். மெதுவாகப் பேசுகிறவர்கள் எல்லாம் விட்டுக்கொடுப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தமே வராமல் நாலாவது கியரில் போகிற வண்டிகளும் உண்டு. கல்யாணம் மாட்டுங்காவில், காலையில், நெருங்கின உறவுகளோடு மட்டும் நடக்க வேண்டும், வேறு இடம் என்பதைத் தன்னால் யோசிக்க முடியவில்லை என்று தேன் குரலில் சொன்னார்.

கணேசபாண்டியன் முதலில் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். அப்பாவின் ஊரில் வைத்தால்தான் தன் ஆட்கள் வருவார்கள் என்றார். வானமாமலை அது சரிப்படாது என்றார். ஏன் சரிப்படாது என்று கணேசபாண்டியன் கேட்டார். சுற்றுவட்டாரத்திலிருந்து எத்தனை பஸ் ஆள் வரும், எத்தனை பந்தி போடுவார்கள், தன் தங்கை கல்யாணத்தில் தெருவில் எவ்வளவு தூரத்துக்குப் பந்தல் போட்டார்கள் என்று ஏற ஆரம்பித்தார். குரலும் ஏறியது.

வழக்கமாக இருமல் வர வேண்டிய இடம் அது. எனக்கே தெரிந்தது. கணேசபாண்டியன் பேச்சின் நடுவே ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். செண்பகவல்லி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் இரண்டு கால்களும் சேர்ந்திருந்தன.

பேச்சு இன்னும் ஏறியது. மறுபடியும் பார்த்தார். மறுபடியும் காலண்டர்.

“ரயில்வேல இருந்தவிய” என்றார் கணேசபாண்டியன். “காலமெல்லாம் ஓசிப் பாஸ்லயே போயிப் பழகிட்டிய. கல்யாணத்தையும் அப்படியே முடிச்சிரலாம்னு பாக்கிய.”

வானமாமலையின் கையிலிருந்த டம்ளர் டவராவில் போய் உட்கார்ந்தது. இப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வராத மனிதர் என்ன செய்வார்? இன்னும் அழுத்துவார்.

“சம்மதம் இல்லைன்னா சொல்லிருங்க. இத்தோட விட்டுருவோம்.”

வானமாமலை எழுந்தார். “ரொம்ப சந்தோஷம்” என்றார், அதே தேன் குரலில். உள்ளறைக்குப் போய்விட்டார்.

கூடத்தில் ஷ்ரவண் எழுந்து நின்றான், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பானுமதி காலி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். செண்பகவல்லி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“ஏட்டி, எதாவது சொல்லேன்” என்றார் கணேசபாண்டியன், உதடு அசையாமல்.

“நீங்கதான சும்மா இருக்கச் சொன்னிய.”

கணேசபாண்டியன் மகளைப் பார்த்தார். மாரிசெல்வி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதட்டியிருப்பார், பிறகு சமாதானப்படுத்தியிருப்பார். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “ரெஹ்னே தோ, பப்பா” என்றாள். இனிமேல் எதையும் கேட்கப் போவதில்லை என்கிறவர்கள் ‘விடுங்கள்’ என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

கேலி செய்ய வந்தவன் நான். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் பிரேக்கை மிதிக்கப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புரிந்திருக்கும்.

“நான் என்ன சொல்ல வந்தேன்னா” என்றார். அதோடு நின்றது. “அதாவது எங்க பக்கத்துல” என்றார். அதுவும் நின்றது. பிறகு எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார். நான் சொன்னது தப்பு.”

இந்த வகை மனிதர்கள் இந்த வாக்கியத்தைச் சொல்வதே அபூர்வம். சொன்னாலும் அதன் வாலில் ஒரு ‘ஆனா’ கட்டியிருக்கும். நான் அந்த ‘ஆனா’வுக்காகக் காத்திருந்தேன். பானுமதியும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். வரவில்லை. கணேசபாண்டியன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து வானமாமலை வெளியே வந்தார். தன்மேலும் தப்பு என்று சொல்லவில்லை. அவரும் அந்த இனம்தானே. நாற்காலியில் உட்கார்ந்து, “காபி ஆறிடுத்து. வேற போடு” என்றார் மனைவியிடம். மாட்டுங்காவில் இதைவிடப் பெரிய சமாதான உடன்படிக்கை கிடையாது.

பானுமதி அடுக்களைக்குப் போகவில்லை. “நீங்க ரெண்டு பேரும் பேசினது போறும். கொழந்தைகள் என்ன நினைச்சிண்டிருக்கான்னு யாராவது கேட்டேளா?” என்றார்.

யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டபோது, செம்பூரிலேயே ஒரு சின்ன மண்டபத்தை இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பது தெரிந்தது. ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஊரில் ஒரு விருந்து. இரண்டாவது காபி வருவதற்குள் முடிந்துபோனது.

திரும்பும்போது கணேசபாண்டியன் வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். பஸ்கள் முந்தின, ஆட்டோக்கள் முந்தின, இட்லி விற்றுவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு தாராவிக்குத் திரும்பிய ஒரு சைக்கிள்காரர் எங்களை இரக்கமாகப் பார்த்துக்கொண்டே முந்தினார். மூன்றாவது போடலாமே என்றேன்.

“மேல போனாத்தான எறங்கணும்” என்றார். நியாயம்தான்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மீரானிடம் போனார். ஸ்கூல் வண்டி எப்படி அவ்வளவு அழகாக நின்றது என்று கேட்டார். மீரான் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தப்பிக்க வழியில்லாமல் ஸ்கூல் வண்டியின் கதவைத் திறந்து தன் பக்கத்துப் பெடல்களைக் காட்டினார்.

கணேசபாண்டியன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “அப்ப நான் ஒரு நாள்கூட வண்டிய நிறுத்தலியா?”

“ஒரு வாட்டி நிறுத்துனீங்க பாய். எஞ்சின் ஆஃப் ஆயி.”

மீரான் தப்பை ஒப்புக்கொண்டு, கணேசபாண்டியனின் காரிலேயே, தன் கால்களுக்கு வேலையே இல்லாத இடத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கடை திறக்காத தெருக்களில். மீரான் உதடுகள் ஓதிக்கொண்டே இருக்கும். முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால். வண்டி தானாகவே கொஞ்சம் அடங்கும். பிறகு பிரேக்கை மெல்லத் தொட வேண்டும். கிளட்ச், மூன்றாவது கியர், கிளட்சை மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் வண்டி தலையால் முட்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொள்வது கேட்கும். பிறகு இரண்டாவது. எத்தனையோ முறை முட்டியது, எத்தனையோ முறை அணைந்தது. ஒருநாள் சயான் பாலத்திலிருந்து நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கி, தேங்கி நின்ற வண்டிகளுக்குப் பின்னால், மரியாதையான இடைவெளி விட்டு நின்றார். பின்சீட்டில் செண்பகவல்லியும் நானும் இருந்தோம்.

“கால எடுத்தாலே வண்டி பாதி கொறையுது, அண்ணாச்சி” என்றார் ஆச்சரியமாக. “இத எனக்கு யாருமே சொல்லலியே.”

செண்பகவல்லி என்னைப் பார்த்தார். நான் சன்னல் வழியே வெளியே பார்த்தேன்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. பந்தியில் ஒரு பெரியவர் கறிச் சோறு இல்லாததைப் பற்றி உரக்கக் கேட்டபோது, கணேசபாண்டியன் முகம் சிவந்து, மூச்சை இழுத்து, பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, ஊர் விருந்தில் போடுகிறோம் என்று சொல்லி அவர் இலையில் ஒரு அப்பளம் வைத்ததை நான் பார்த்தேன். இருமல் எதுவும் கேட்கவில்லை.

சரி, ஒரு ஆள் திருந்தினார், இனத்தில் ஒன்று குறைந்தது என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு அவசரம் வேண்டாம். இப்போது கணேசபாண்டியன் நிதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். லிஃப்டில் மாட்டினால் போச்சு. கியரை எப்படி இறக்குவது, காலை எப்போது எடுப்பது, மனிதன் ஏன் எங்குமே மெதுவாகப் போக வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு நம்மோடு உச்சிமாடி வரை வந்து, கீழேயும் வருகிறார். செயலாளர் இப்போது படியில்தான் ஏறுகிறார். செண்பகவல்லி மறுபடி இருமத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.

இதன் ஆரம்பத்தில் இருக்கும் சில வரிகளை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அச்சு அசலாக நம்ம சம்மந்தி வானமாமலைதான் என்றார். வானமாமலைக்கு ஃபோனில் படித்தேன்; ரயில்வேயில் தனக்கு மேலே இருந்த ஒருவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். செயலாளர் தன் மைத்துனரைச் சொன்னார். மீரான் தயங்காமல் தன் மாமியாரைச் சொன்னார். கேட்ட ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள், ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை.

உங்களுக்கும் படிக்கும்போதே ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். தாராளமாக இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அவருக்கு யார் முகம் நினைவுக்கு வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.